பேர் சொல்லாததும் பேர் சொன்னதும்

(மருந்துக்கடைக்காரர் ஒருவரின் நினைவாக அவர் பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் என் குரலுக்காக மன்னியுங்கள். நான்கு நாளாக ஜலதோஷம். தேதியைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டதற்கு, "தலைப்புக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது, அப்படியே வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

பேச்சுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இந்தக் கண்ணாடிப் புட்டியில் மூன்று பொருள்களைச் சம அளவு போடுகிறேன். ஒன்று கற்பூரம். அடுத்தது, ஊசி ஊசியாகத் தெரிகிறதே, அது புதினா உப்பு, மென்தால் என்பார்கள். மூன்றாவது ஓம உப்பு, அதாவது தைமால். ஓமத்துக்கு மணம் கொடுப்பது இதுதான். மூன்றும் நாட்டுமருந்துக் கடையில் வாங்கியவை. மூன்றுமே கட்டி. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. மூடிக் குலுக்கி மேசைமேல் வைக்கிறேன். பேசி முடித்ததும் பார்ப்போம்.

யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அவருடைய கடையில் அரைக்கால் சட்டை போட்ட வயதில் நான் ஓம வாட்டர் வாங்கியிருக்கிறேன். வீட்டில் யாருக்காவது வயிறு பொருமினால் என்னைத்தான் ஓடச் சொல்வார்கள். மறுநாள் கடைப்பக்கம் போனால் அவர் கூப்பிட்டு விசாரிப்பார். "வலி போச்சா" என்று கேட்க மாட்டார். "ஏப்பம் வந்துச்சா தம்பி?" என்றுதான் கேட்பார். ஏப்பம் வந்துவிட்டால் அவருக்குத் திருப்தி, எங்கள் பாட்டிக்கும் திருப்தி. வலி அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாலும் யாரும் மருந்தைக் குறை சொன்னதில்லை. அவருடைய அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன்.

அஜீரணம், வாயு, ஜலதோஷம், கைக்குழந்தையின் காரணம் தெரியாத அழுகை: பழைய புட்டி மருந்து வியாபாரம் பெரும்பாலும் இவற்றை நம்பித்தான் நின்றது. இவற்றுக்குள் ஒரு ஒற்றுமை உண்டு. எல்லாமே பெரும்பாலும் தாமாகவே போய்விடும். ஜலதோஷம் ஏழெட்டு நாள். அஜீரணம் அடுத்த வேளை பட்டினி போட்டால் சரியாகும். கைக்குழந்தையின் மாலை அழுகை மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். தானாகப் போகிற நோய்க்கு மருந்து விற்பவன் தோற்கவே முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. குடித்தவுடன், பூசியவுடன், மருந்து ஏதாவது ஒரு அடையாளம் காட்ட வேண்டும். தொக்கம் எடுப்பவர் வயிற்றிலிருந்து எடுத்ததாக ஒரு துணுக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறாரே, அந்த மாதிரி. புட்டிக்காரர்கள் காட்டிய அடையாளங்கள் மூன்று: ஏப்பம், தூக்கம், குளிர்ச்சி.

அதற்கு முன் பெயரைப் பற்றிக் கொஞ்சம். 'பேடண்ட் மருந்து' என்பதே பொய்ப்பெயர். காப்புரிமை வேண்டுமானால் கண்டுபிடித்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு முடிந்தால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எந்தப் புட்டிக்காரன் அதற்குச் சம்மதிப்பான்? இங்கிலாந்து அரசரின் காப்புரிமைக் கடிதத்தோடு விற்ற ஒரு சில மருந்துகளுக்கு இருந்த பெயர், கடிதமே இல்லாத ஆயிரக்கணக்கான புட்டிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் கட்டிக் காத்தது பெயரையும் லேபிளையும் புட்டியின் வடிவத்தையும். சேர்மானம் ரகசியம். இதிலே ஒரு வேடிக்கை. 1783இல் பிரிட்டிஷ் அரசு இந்த மருந்துகளுக்கு முத்திரை வரி போட்டது. கஜானாவுக்காகப் போட்ட வரி. ஆனால் டப்பாமேல் அரசு முத்திரையைப் பார்த்த ஜனங்கள், சர்க்காரே சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். 1941 வரை அந்த முத்திரை ஒட்டிக்கொண்டே இருந்தது.

நம் வீடுகளில் பச்சைப்பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்புக்குப் 'பேர் சொல்லாதது' என்று ஒரு பெயர் உண்டு. விளக்கு வைத்த பிறகு கடையில் போய் வசம்பு என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. எதை உரைப்பது, எத்தனை உரை உரைப்பது, தாய்ப்பாலிலா வெந்நீரிலா என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். பேரை மட்டும் சொல்ல மாட்டோம். புட்டி மருந்து இதற்கு நேர் எதிர். பேரைச் சுவர் சுவராக எழுதுவான். உள்ளே என்ன என்பதை மட்டும் சொல்ல மாட்டான். வீட்டு மருந்து எல்லாம் நல்லது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 1968இலேயே தடை போட்டுவிட்டது.

இனி ஏப்பம். சோடா உப்பும் ஒரு புளிப்பு உப்பும் தண்ணீரில் சேர்ந்தால் நுரைத்துக்கொண்டு கரியமிலவாயு வரும். நியூகாசில் துறைமுக நகரத்து மருந்துக்கடைக்காரர் ஜேம்ஸ் க்ராஸ்லி ஈனோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைப் 'பழ உப்பு' என்று புட்டியில் அடைத்தார். சோடா உப்பு வயிற்று அமிலத்தைக் கொஞ்சம் தணிப்பது உண்மைதான். ஆனால் வாங்கியவர் காத்திருந்தது ஏப்பத்துக்கு. வெளியேறும் காற்றில் பாதி, அவர் அப்போதுதான் குடித்த காற்று! அமெரிக்காவில் வட கரோலைனாவின் நியூ பெர்ன் ஊரில் கேலப் பிராடம் என்ற மருந்துக்கடைக்காரர் தம் கடைப் பானத்துக்கு 1898இல் வைத்த பெயர் பெப்சி கோலா. அஜீரணத்துக்கான ஆங்கிலச் சொல்லின் வாலிலிருந்து பிறந்த பெயர் அது. விருந்து சாப்பிட்டவர் கோலி சோடா கேட்பதும் இதே நம்பிக்கைதான். அந்தக் கோலிப் புட்டிக்கு ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் முறைப்படி காப்புரிமை வாங்கியிருந்தார். மருந்துக்கு இல்லாத பேடண்ட் கோலிக்கு இருந்தது.

ஏப்பம் அப்பாவி அடையாளம். தூக்கம் அப்படியல்ல.

கிரைப் வாட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த அவையில் அதைக் குடிக்காமல் வளர்ந்தவர் குறைவு. இங்கிலாந்தின் கிழக்கே சதுப்பு நிலப் பகுதிகளில் மலேரியா இருந்த காலம். அங்கே குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த ஒரு கலவையைப் பின்பற்றி, நாட்டிங்காம் மருந்தாளுநர் வில்லியம் உட்வர்ட் 1851இல் தம் புட்டியைச் செய்தார். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 விழுக்காடு ஆல்கஹால். பீரில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சதகுப்பை நமக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நம் பாட்டிமார் எப்போதோ கொடுத்ததுதான். குழந்தையின் அழுகை எதனால் நின்றது? சதகுப்பையாலா, சர்க்கரையின் இனிப்பாலா, ஆல்கஹாலாலா, அம்மா மடியில் போட்டுத் தட்டியதாலா? புட்டி நான்கின் பெயரையும் தானே எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் 1990களில்தான் ஆல்கஹாலை எடுத்தார்கள். இன்று நம் கடையில் விற்பதிலும் அது கிடையாது.

பின்னாளில் இந்தியாவின் நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1928இல் சென்னையில் தொடங்கிய விநியோக நிறுவனத்தின் எழுத்துகளோடுதான் அந்தப் புட்டி நம் வீட்டு அலமாரியில் நின்றது. லேபிளில் ஒரு குழந்தை பாம்பைப் பிடித்து நெரிக்கும். ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹெர்குலிஸ் ஓவியத்தின் வழிவந்த படம். எங்கள் பாட்டிக்கு ஹெர்குலிஸைத் தெரியாது. அது காளிங்கனை அடக்கிய கண்ணன்தான் என்று கடைசி வரை சாதித்தாள். எந்த விளம்பரக்காரனும் காசு கொடுத்து வாங்க முடியாத நம்பிக்கை அது.

ஆல்கஹால் என்றதும் பெருனா நினைவுக்கு வருகிறது. ஒஹையோவில் ஹார்ட்மன் என்ற டாக்டர், மனிதனுக்கு வரும் நோயெல்லாம் ஒருவகைச் சளியே என்று சொல்லி விற்ற புட்டி. அதில் 28 விழுக்காடு ஆல்கஹால். சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 1905இல் காலியர்ஸ் இதழில் இவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி எழுதினார். வரித்துறையும் விழித்துக்கொண்டு, "மருந்து என்றால் மருந்தைச் சேர், இல்லையென்றால் சாராயக்கடை உரிமம் எடு" என்றது. ஹார்ட்மன் மலமிளக்கியைச் சேர்த்தார். வழக்கமாகக் குடிப்பவர்கள் பட்ட பாட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1906இல் வந்த அமெரிக்கச் சட்டம், ஆல்கஹால், அபினி, மார்ஃபின், கொக்கெய்ன் போன்றவை உள்ளே இருந்தால் லேபிளில் எழுதியாக வேண்டும் என்றது. விற்காதே என்று சொல்லவில்லை. எழுது என்றுதான் சொன்னது. மார்ஃபின் கலந்த குழந்தைச் சிரப்புகளுக்கு அதுவே பெரிய அடி.

இந்தியாவோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட புட்டி குளோரோடைன். ஜான் காலிஸ் பிரௌன் இங்கே படையில் மருத்துவராக இருந்தபோது 1848 வாக்கில் உருவாக்கியது. அபினிச் சாராயம், கஞ்சாச் சாராயம், குளோரோஃபார்ம். காலராவுக்கு என்றுதான் ஆரம்பம். பிறகு இருமல், பேதி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஆயிற்று. லண்டன் மருந்து வணிகர் டேவன்போர்ட் 1856இல் அதைக் கையில் எடுத்த பிறகு போலிகள் கிளம்பின, வழக்குகள் நடந்தன, துரைமார் பயணப் பெட்டியில் அது இல்லாமல் கிளம்பவில்லை. குடித்த காலரா நோயாளிக்கு என்ன ஆகும்? அபினி குடலைக் கட்டும். பேதி குறைவதுபோல் இருக்கும். நோயாளி கண்ணை மூடி அமைதியாகக் கிடப்பார். சுற்றி நிற்பவர்கள் மருந்து கேட்கிறது என்பார்கள். காலராவில் ஆளைக் கொல்வது உடம்பை விட்டுப் போன நீரும் உப்பும். அதில் ஒரு துளியைக்கூட அந்தப் புட்டி திருப்பித் தரவில்லை. இந்த இடத்துக்கு மறுபடி வருவேன்.

ரகசியங்களை உடைத்தவர்களையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் புகழ்பெற்ற மருந்துகளை வாங்கிப் பகுப்பாய்வு செய்து புத்தகமாகப் போட்டது. 'பெட்டி ஒன்றுக்கு ஒரு கினி தகும்' என்று விளம்பரம் செய்த பீச்சம் மாத்திரையில் இருந்தவை கற்றாழைப் பால், சுக்குத் தூள், சோப்பு. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற 56 மாத்திரைகளின் சரக்குச் செலவு அரை ஃபார்த்திங். கணக்குப் போட்டால் நூறு மடங்குக்கு மேல் விலை. பாராளுமன்றக் குழு ஒன்றும் இவற்றை விசாரித்தது. அதன் அறிக்கை வெளிவந்த நாள் 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. அறிக்கையை யார் படித்திருப்பார்கள்? நம் நாட்டில் சோப்ரா குழு 1931இல் அறிக்கை தந்தது, 1940இல் மருந்துச் சட்டம் வந்தது, 1954இல் அற்புத மருந்து விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் வந்தது. விளம்பரங்கள் நின்றனவா என்பதற்குத் தொலைக்காட்சியைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் பீச்சம் கதை அங்கே முடியவில்லை. ஆடு மேய்த்த தாமஸ் பீச்சம் தொடங்கிய மாத்திரைப் பணத்தில்தான் அவருடைய பேரன், அதே பெயர்க்காரர், உலகப் புகழ்பெற்ற இசைநடத்துநராகி லண்டனில் இசைக்குழுக்களை நிறுவினார். நிறுவனம் ஈனோவையும் 1938இல் விழுங்கியது. பிறகு சர்ரேயில் ஒரு ஆய்வுக்கூடம் வைத்தது. அங்கே 1957இல் பெனிசிலினின் உட்கருவைப் பிரித்தெடுத்தார்கள்; 1961இல் ஆம்பிசிலின் வந்தது, அடுத்து அமாக்சிசிலின். சுக்கையும் சோப்பையும் உருட்டி விற்ற பணம் கடைசியில் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்தாக மாறியது. இதை எப்படி மதிப்பிடுவது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அந்த மாத்திரைக்காரரை நாலு வார்த்தை திட்டலாம் என்று ஆரம்பிக்கிறேன்; என் பேத்திக்குக் காது வலிக்கு அமாக்சிசிலின் கொடுத்த இரவு நினைவுக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது அடையாளம் குளிர்ச்சி. இன்று காலை மூக்கருகே தைலம் தடவிக்கொண்டுதான் புறப்பட்டேன். பூசியதும் அடைப்பு விட்டதுபோல் இருந்தது. விடவில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸ் 1980களில் இதை அளந்து பார்த்தார். மென்தாலை முகர்ந்தவர்கள் மூக்கு திறந்துவிட்டது என்றார்கள். கருவியோ, காற்றோட்டத்தில் மாற்றமில்லை என்றது. 2002இல் காரணம் தெரிந்தது. தோலிலும் சளிச்சவ்விலும் குளிரை உணரும் ஒரு வாங்கி இருக்கிறது. மென்தால் அதைத் தட்டி எழுப்புகிறது. குளிர்ந்த காற்று தாராளமாகப் போவதாக மூளைக்குத் தந்தி போகிறது. கதவு மூடியேதான் இருக்கிறது. திறந்ததாகச் செய்தி மட்டும் வருகிறது. இதை ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கடைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பொய்த்தந்தி பெரிய உபகாரம்.

வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் லன்ஸ்ஃபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருந்துக்கடைக்காரர், தம் மைத்துனரான டாக்டர் விக்கின் பெயரை வைத்து விற்றதுதான் விக்ஸ். 1918இன் கொள்ளைநோய்க் காய்ச்சலில் அதன் ஓராண்டு விற்பனை 9 லட்சம் டாலரிலிருந்து 29 லட்சமாக ஏறியது. அந்தக் காய்ச்சலை அது குணப்படுத்தவில்லை. வேறெதுவும் குணப்படுத்தவில்லை என்பதால்தான் விற்றது. அமெரிக்க டப்பாவில் சேர்மானம் அச்சிட்டிருக்கிறார்கள்: கற்பூரம் 4.8, மென்தால் 2.6, நீலகிரித் தைலம் 1.2 விழுக்காடு. அதே டப்பா நம் ஊரில் ஆயுர்வேத மருந்து என்ற உரிமத்தில் விற்கிறது!

நம் பக்கத்துக் கதை இன்னும் ருசியானது. கிருஷ்ணா மாவட்டத்து எலகுர்ரு கிராமத்தில் பிறந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் டப்பாக்களை இலவசமாகக் கொடுத்தாராம். நாலு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த ரசிகனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? அந்தத் தைலப் பணத்தில் பிறந்ததுதான் ஆந்திர பத்திரிகை. பம்பாயில் வார இதழாகத் தொடங்கி 1914இல் சென்னையில் நாளேடாயிற்று. லஸ்ஸில் இருந்த அவருடைய ஸ்ரீபாக் இல்லத்தில்தான் 1937இல் ஆந்திரத் தலைவர்களின் ஸ்ரீபாக் ஒப்பந்தம் கையெழுத்தானது. மயிலாப்பூரில் காலை நடை போகிறவர்கள் அவர் பெயர் தாங்கிய பூங்காவைத்தான் சுற்றி வருகிறார்கள். கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே கதை. ரங்கூனில் மருந்துக்கடை வைத்திருந்த சீனரின் மகன் ஆவ் பூன் ஹா, புலித் தைலத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் 1929இல் சின் சியூ ஜிட் போ என்ற நாளேட்டைத் தொடங்கினார். மலாயா, சிங்கப்பூர் போய்வந்த தமிழர் பெட்டியில் புலித் தைலமும் கோடாலித் தைலமும் தவறாமல் இருந்த காலத்தை நீங்கள் அறிவீர்கள்.

தைலக்காரர்கள் ஏன் பத்திரிகை தொடங்கினார்கள்? தேசபக்தி, இனப்பற்று எல்லாம் உண்மைதான். ஆனால் பெயரை விற்பவனுக்குப் பெயர் அச்சாகும் இடம்தான் உயிர்நாடி. எதிர்ப்பக்கமும் அப்படியே. அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை எதைப் புரட்டினாலும் கதைக்கு நடுவே லேகியமும் தைலமும்தான். 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசனும் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவரே. நம் நவீன இலக்கியத்தின் ஒரு பங்கு அஜீரணக்காரர்கள் போட்ட காசு என்று ஓர் எழுத்தாளர் கூட்டத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

குளோரோடைனுக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். 1971. வங்கதேசப் போர். எல்லையோரம் பங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனாபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, பீப்பாய்களில் ஊற்றி, வாயால் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். ஈனோ புட்டியிலும் கிரைப் வாட்டரிலும் இருந்த அதே சோடா உப்பு. சர்க்கரை கூட இருந்தால் காலராக் குடலும் உப்பை உறிஞ்சும், உப்போடு நீரும் உள்ளே போகும் என்பது அதற்குள் ஆய்வுக்கூடங்களில் தெரிந்திருந்த விஷயம். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு, 4 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. சேர்மானத்தைத் துண்டறிக்கையாக அடித்து எல்லையெங்கும் கொடுத்தார்கள். வங்கதேசத்தாரின் ரகசிய வானொலியிலும் சொன்னார்கள். வானொலிதான் ரகசியம், மருந்து ரகசியமில்லை.

ஆனால் அந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எந்த அடையாளமும் காட்டாது. பேதியை உடனே நிறுத்தாது. ஏப்பம் வராது, தூக்கம் வராது, மூக்கில் ஏறாது. "குடிச்சும் போயிட்டேதான் இருக்கு" என்று தாய்மார் பாதியில் நிறுத்திவிடுவதுதான் அதைக் கொண்டுபோனவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. குழந்தை சாகாமல் இருப்பதை அடையாளமாக யார் எண்ணுவார்கள்? 'ஏப்பம் வந்துச்சா' என்று கேட்டே பழகிய ஊர் நாம். எங்கள் மருந்துக்கடைக்காரர் கடைசிக் காலத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் விற்கும்போது என்ன கேட்டார் என்று இன்று காலை அவருடைய மகனிடம் விசாரித்தேன். "ஒண்ணுக்குப் போச்சா?" என்று கேட்பாராம். இதைவிடச் சரியான கேள்வி மருத்துவப் புத்தகத்திலும் கிடையாது.

இனிப் புட்டியைப் பார்க்கலாம். (பேச்சாளர் புட்டியை உயர்த்திக் காட்டினார்.) கட்டி எங்கே? மூன்றும் ஒன்றையொன்று உருக்கிவிட்டன. தனித்தனியே இந்த அறை வெப்பத்தில் உருகாதவை, கலந்தால் உருகும் வெப்பநிலை இறங்கித் திரவமாகிவிடும். லாகூரிலிருந்து நாடெங்கும் போன 'அமிர்ததாரா'வின் உள்ளே இருந்ததும் பெரும்பாலும் இந்த மூன்றுதான். புட்டியைச் சுற்றுக்கு விடுகிறேன், முகர்ந்து பாருங்கள். கையில் பட்டால் கண்ணைத் தேய்க்காதீர்கள். குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்; கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

தலைவர் அவர்களே, முதலில் நீங்கள். மணம் எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் மூன்று நாளைக்கு ஒன்றும் தெரியாது.